பிடுங்கிப் போட்டால் மிச்சமா?



வீட்டுக்காரருக்குக் கண் மங்கினால் மறுநாளே கண்ணாடி. பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் ரத்தப் பரிசோதனை. ஆனால் பல்லுக்கு மட்டும் நம் வீடுகளில் ஒரே வைத்தியம்தான்: "வலிக்குதா? பிடுங்கிப் போட்டுட்டு வா!" அதிலும் வலிப்பது வீட்டுத் தலைவியின் பல்லாக இருந்துவிட்டால், அந்த வைத்தியம்கூட உடனே நடக்காது. பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும், ஆடி போகட்டும், சீட்டுப் பணம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போவோம். அதுவரை ஒரு கிராம்பு, ஒரு வலி மாத்திரை, வலிக்காத பக்கமாக ஒதுக்கி மெல்லுதல்.

இதைச் சிக்கனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிக்கனமே இல்லை, பெரிய நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனார் மகள் பல் டாக்டர். "அத்தை, என்கிட்ட வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் 'வீட்டுக்காரர் பிடுங்கிட்டு வரச் சொன்னாரு'ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பல்லைக் காப்பாத்த முடியுமான்னு கேக்கறதே இல்லை" என்று வருத்தப்படுவாள். என் மாமியாரை அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் பல தடவை அழைத்துப் போய், பெஞ்சில் காத்திருந்த நேரங்களில் நானும் அதைக் காதால் கேட்டிருக்கிறேன். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அந்த பெஞ்சில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், சொத்தை எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். "பல்லில் புழு" என்று பாட்டிமார் சொல்வார்கள். புழு எதுவும் கிடையாது. நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுப் பொருளையும் வாயில் இருக்கும் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் சுமார் அரை மணி நேரம் இந்த வேலை நடக்கிறது. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். அடுப்படியிலேயே இருக்கும் நமக்கு இது நன்றாகப் பொருந்தும். காலையில் ஒரு காபி, பிள்ளைகள் போனதும் ஒரு டீ, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு வாய், பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட் வீணாகக் கூடாது என்று ஒரு வாய். பல்லுக்கு ஓய்வே இல்லை.

சொத்தை மேலோட்டமாக இருக்கும்போது வலியே தெரியாது. உள்ளே இறங்கும்போது ஐஸ் வாட்டர் பட்டால் சுரீர் என்கும். இன்னும் ஆழமானால் சூடு பட்டாலும் வலிக்கும், அந்த வலி நின்று நின்று குடையும். பிறகு ராத்திரி படுத்தால் தூங்க விடாமல் விண் விண் என்று தெறிக்கும். அதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் ஒரு நாள் வலி தானாகவே நின்றுபோகும். "கிராம்புத் தைலம் வெச்சேன், சரியாப் போச்சு" என்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் உள்ளே நரம்பு செத்துப்போய்விட்டது. அடுத்து வேரடியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கும்.

கிராம்புத் தைலம் சிறிது நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். சொத்தையை ஆற்றாது. சிலர் வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புகிறார்கள். அது ஈறை வேக வைத்துவிடும். வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் முடியவில்லை என்றாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இந்தப் படிகளில் முதல் படியிலேயே போனால் சின்ன அடைப்பு, ஒரே நாளில் வேலை முடிந்தது. நரம்பு வரை போய்விட்டால் ரூட் கெனால் என்ற வேர் சிகிச்சை. பெயரைக் கேட்டாலே பயப்படுகிறோம். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு கடைவாய்ப் பல்லுக்கு மேலே கேப் போட்டுக்கொள்ள வேண்டும். "வலி போயிடுச்சே, கேப் எதுக்கு வீண் செலவு?" என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நரம்பெடுத்த பல்லில் சொத்தைக்கும் சிகிச்சைக்கும் போக மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர்தான். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். முன்னே செய்த செலவும் போச்சு, பல்லும் போச்சு.

இப்போது பிடுங்குகிற கணக்குக்கு வருகிறேன். பிடுங்குவது அன்றைக்கு மலிவு என்பது உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு அப்படியே விட்டால், பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர் வரிசைப் பல் தாங்குவதற்கு ஆளில்லாமல் நீண்டு வரும். சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறும் கீரையும் சிக்கி, அங்கே புதிதாகச் சொத்தை. மறுபக்கமாகவே மென்று மென்று அந்தப் பக்கப் பற்கள் தேயும். ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நான்காக வரும். பிறகு பல் கட்ட நினைத்தால், பாலம் போல் கட்டுவதற்கு இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும். எலும்பில் திருகாணி பொருத்திப் பல் வைக்க வேண்டும் என்றால் அது பெரும் செலவு, பல மாதக் காரியம். இந்தக் கணக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எது சிக்கனம்?

என் மாமியாருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ஐம்பது வயதுக்குள்ளேயே ஒவ்வொன்றாக எட்டுப் பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், "ஒத்தைப் பல்லுதானே!" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அவருக்குக் கறி ஆகாது, கொய்யா ஆகாது, வேர்க்கடலை ஆகாது. குழைந்த சோறும் ரசமும்தான். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். வெகு நாள் வரை அதைக் கூச்சம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல்செட் கட்டிய பிறகுதான் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருகிறார். ஆனாலும் பல்செட் சொந்தப் பல் ஆகாது. கடிக்கும் பலம் பாதிகூட வராது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறு சுருங்கச் சுருங்க செட் லொடலொடத்துவிடும், மறுபடி சரி செய்ய வேண்டும்.

எந்தப் பல்லையும் பிடுங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேர் வரை உடைந்த பல், தாங்கும் எலும்பு போய் முழுக்க ஆடுகிற பல், இடமில்லாமல் குறுக்கே முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல் இவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல் எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்றைக்குக் கொப்பளிப்பதும் துப்புவதும் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து, சீழ் வடிகிற பல்லை வைத்துக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

சொத்தையைவிடச் சத்தமில்லாமல் பல்லைக் கொண்டுபோவது ஈறு நோய். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், "சூடு, மோர் குடி" என்போம். ஈறோரம் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது. அந்தக் காரை அடியில் ஈறும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டால் நின்றுவிடும். இங்கேதான் நம் பெண்கள், "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்டி" என்று ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்துகிறார்கள். முன்பே எலும்பு தேய்ந்த பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரிகிறது, புதிதாக வரவில்லை. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ள சகோதரிகள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு தடவை வாயையும் காட்டிவிட்டு வரலாம்.

மாசமாக இருக்கும்போது ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். உடம்பில் சுரப்பிகள் மாறுவதால் அப்படி. "வயித்துப் பிள்ளை அம்மா பல்லுல இருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிடும்" என்பது தவறு. பல்லிலிருந்து யாரும் எதையும் உறிஞ்ச முடியாது. மசக்கை வாந்தியில் வரும் அமிலமும், அடிக்கடி ஏதாவது கொறிப்பதும், அசதியில் துலக்காமல் விடுவதும்தான் காரணம். வாந்தி எடுத்தவுடனே பிரஷ் போடாமல், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்குங்கள். கர்ப்பிணிக்குப் பல் வைத்தியமே ஆகாது என்பதும் சரியல்ல. மாசமாக இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதத்திலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆறு வயது வாக்கில், பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தால், "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். போனால் வராது. பால் பல் சொத்தையையும் அலட்சியம் செய்யக் கூடாது. அது காலத்துக்கு முன் போனால் அடுத்து வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க விட வேண்டாம். விளையாடும்போது நிலைப்பல் வேரோடு தெறித்து விழுந்தால், வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். மறுபடி பொருத்த வாய்ப்புண்டு. பால் பல்லுக்கு இது வேண்டாம்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பெண்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது அந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைக்கும் பல்லே மஞ்சளும் பழுப்புமாக வரும். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு பல்லு விளக்க மாட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போன வீடுகள் இங்கே இருக்கின்றன. அது அழுக்கு அல்ல, அந்தப் பெண்ணின் குற்றமும் அல்ல. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள், குழந்தை உள்ள வீட்டில் கட்டாயமாக. ஏற்கெனவே கறை விழுந்த பல்லைச் செங்கல் பொடி, கரி, சாம்பல் போட்டுத் தேய்ப்பதால் கறை போகாது, பல்தான் தேயும். கறையைக் குறைக்கவும் மறைக்கவும் டாக்டரிடம் வழிகள் உண்டு.

வீட்டில் வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால், மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் அவர்கள் வாயைப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் அகலத் திறக்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. பற்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-ல் தடை போட்டிருக்கிறது. போட்டுத் தேய்த்தவுடன் தலை சுற்றி, சுகமாக இருப்பது போல் தெரியும் பொடியை வாங்காதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, "பல் டாக்டர்ட்ட போனாலே ஆயிரம் ஆயிரமா கேக்கறாங்களே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். தேவையில்லாத சிகிச்சையைத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கலாம். அதற்காகத் தெருவோரம் பல் கட்டுகிறவரிடமோ, படிக்காமல் போர்டு மாட்டியவரிடமோ போகக் கூடாது. பதிவெண் உள்ள டாக்டரா என்று பாருங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். "இதை இப்ப செய்யலைன்னா என்ன ஆகும்? வேற வழி இருக்கா? மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். கருவிகளைக் கொதிகலனில் சுத்தம் செய்கிறார்களா, புதுக் கையுறை போடுகிறார்களா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். 2023 வாக்கில் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கிய கிருமித் தொற்றால் இறந்ததும், சுத்தமில்லாமல் கையாண்ட சலைன்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னதும் 2025-ல் பத்திரிகைகளில் வந்தது. பல்லைக் காட்டவே கூடாது என்று இதிலிருந்து பயந்துவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் பாடம்.

பணமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

என் யோசனை இதுதான். மளிகை, பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ் என்று கணக்கு எழுதும் நோட்டில் 'பல்' என்றும் ஒரு வரி எழுதுங்கள். மாதம் நூறு ரூபாய் ஒதுக்கினாலும் போதும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, வலி வருவதற்கு முன்னால், வீட்டில் எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். எல்லோரும் என்றால் நீங்களும் சேர்த்து! ராத்திரி அடுப்படியைத் துடைத்து, பாத்திரம் கழுவி, கதவைச் சாத்திவிட்டு அலுப்போடு படுக்கப் போகும்போது, மிருதுவான பிரஷ்ஷில் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து இரண்டு நிமிஷம் துலக்கிவிட்டுப் படுங்கள். எங்கள் பக்கம் மாதிரி ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் துப்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மனைவி பல்வலி என்று சொன்னால், "பிடுங்கிட்டு வா" என்று தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போய், "காப்பாத்த முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

- ஒரு குடும்பத் தலைவி, தர்மபுரி.